நீவ் 1073 வழிவந்த மலிவு மைக் ப்ரீஆம்பை மேம்படுத்துதல்: எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது

1970இல் ரூபர்ட் நீவ் வடிவமைத்த 1073, தனியாக விற்பதற்கென்று செய்யப்பட்ட கருவி அன்று; ஒலிப்பதிவுக் கூடத்தின் மிக்சர் மேசையில் ஒரு சேனலாகச் செருகப்படும் அலகாகத்தான் அது பிறந்தது. அதன் ஈக்யூ பகுதியை (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் பகுதியை) நீக்கிவிட்டு, மைக் ப்ரீஆம்பை (மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின் சைகையைப் பெருக்கும் பகுதியை) மட்டும் ஒரு சிறு பெட்டிக்குள் அடைத்து, மூலத்தின் விலையில் சிறு பங்குக்கு விற்கப்படும் நகல்கள் இன்று பல உண்டு. இவற்றைத் திறந்து பார்த்தால், சுற்றின் எலும்புக்கூடு பெரும்பாலும் சரியாகவே இருப்பதும், சிக்கனம் பிடித்த இடங்கள் மின்வழங்கி, மின்தேக்கி, டிரான்ஸ்ஃபார்மர் என்று நாலைந்துக்குள் அடங்கிவிடுவதும் தெரியும். அந்த இடங்களை எந்த வரிசையில் தொடுவது, ஒவ்வொன்றிலிருந்தும் எவ்வளவு எதிர்பார்ப்பது என்பதே இந்தக் குறிப்பின் பொருள். பெட்டியை வாங்கிய மறுநாளே பெயர்பெற்ற டிரான்ஸ்ஃபார்மருக்குப் பணம் கட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. நான் அதைக் கடைசி வேலையாக வைக்கிறேன். அதற்கு முன் செய்யவேண்டியவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, அவற்றைச் செய்து முடித்தபின் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றும் ஆசை சிலருக்கு அடங்கியும் விடுகிறது.

சுற்றைப் பற்றி இரண்டு செய்திகள் தெரிந்திருந்தால் போதும். முதலாவது, இது 24 வோல்ட் ஒற்றை மின்வழங்கியில் இயங்குகிறது. நேர், எதிர் என்று இரு மின்வழங்கிகள் இல்லாததால் ஒவ்வொரு நிலையின் வெளியீட்டிலும் ஒரு நிலையான நேர்மின்னழுத்தம் நிற்கும்; அதைத் தடுத்து ஒலியை மட்டும் கடத்தும் மின்தேக்கிகள் வழிநெடுகத் தேவைப்படுகின்றன. இரண்டாவது, கடைசி நிலையில் உள்ள 2என்3055 டிரான்சிஸ்டர் கிளாஸ் ஏ முறையில் ஒற்றையாக வேலை செய்கிறது. ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் மின்னோட்டம் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருள் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் சொல்லப்போகும் பல கட்டுப்பாடுகளுக்கு இவ்விரண்டே காரணம்.

தொடுவதற்கு முன் அளத்தல்

எந்த மாற்றமும் செய்வதற்கு முன், கைபடாத நிலையில் கருவியை அளந்து பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேசும் (கணினிக்குள் ஒலியை அனுப்பவும் அதிலிருந்து எடுக்கவும் உதவும் பெட்டி), ரூம் ஈக்யூ விசார்டு போன்ற இலவச மென்பொருளும் இதற்குப் போதும். முதலில் இன்டர்ஃபேசின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகி, அதன் சொந்த இரைச்சலையும் உருக்குலைவையும் தெரிந்துகொள்ளுங்கள். அதைவிடத் தூய்மையான எதையும் அந்த இன்டர்ஃபேசால் காட்ட முடியாது.

லைன் அளவிலான சைகையை மைக் அளவுக்கு இறக்க ஒரு சிறு குறைப்பான் தேவை. சமநிலைக் கம்பிகள் இரண்டிலும் தொடராக 7.5 கிலோஓம் மின்தடை ஒவ்வொன்றும், ப்ரீஆம்ப் பக்கத்தில் அவற்றுக்குக் குறுக்கே 150 ஓம் மின்தடை ஒன்றும் வைத்தால், சைகை 40 டெசிபல் குறையும். ப்ரீஆம்பின் கண்ணுக்கு அது ஏறக்குறைய 150 ஓம் மைக்காகவும் தெரியும். இந்தக் குறைப்பான் செருகப்பட்டிருக்கும்போது ஃபேன்டம் மின்சாரத்தை (கண்டன்சர் மைக்குக்கு அதன் கம்பிகள் வழியாகவே தரப்படும் 48 வோல்ட்டை) ஒருபோதும் இயக்கக் கூடாது. 48 வோல்ட் இன்டர்ஃபேசின் வெளியீட்டுக்குள் ஏறிவிடும். வெளியீட்டுப் பக்கத்திலும் எச்சரிக்கை தேவை. மூல 1073 600 ஓம் சுமையில் +26 டிபியூ (0.775 வோல்ட்டைச் சுழியாகக் கொண்ட டெசிபல் அளவு) வரை தரக்கூடியது. அது 15 வோல்ட்டுக்கும் அதிகம். நகல் அந்த அளவை எட்டாவிட்டாலும் இன்டர்ஃபேசின் உள்ளீட்டை நிரப்பி வழியச் செய்யும். ஆகவே உரத்த அளவுகளில் சோதிக்கும்போது அங்கேயும் 20 டெசிபல் குறைப்பான் ஒன்று இருக்கட்டும்.

மூன்று அளவீடுகளை எடுத்து வையுங்கள்: அதிர்வெண் வரைபடம், ஒரே வெளியீட்டு அளவில் 1 கிலோஹெர்ட்சிலும் 30 ஹெர்ட்சிலும் தோன்றும் ஹார்மோனிக்குகள் (கொடுத்த அதிர்வெண்ணின் மடங்குகளாக எழும் உருக்குலைவு), உள்ளீட்டில் 150 ஓம் மின்தடையை மட்டும் செருகிய நிலையில் இரைச்சல். இரைச்சலைப் புரிந்துகொள்ள எளிய கணக்கு ஒன்று உண்டு. அறை வெப்பநிலையில் 150 ஓம் மின்தடை தானாகவே 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு −131 டிபியூ இரைச்சலை உண்டாக்குகிறது; உலகில் எந்தப் ப்ரீஆம்பும் அதற்குக் கீழே போக முடியாது. 60 டெசிபல் பெருக்கத்தில் உங்கள் கருவியின் வெளியீட்டு இரைச்சல் −63 டிபியூ என்றால், உள்ளீட்டுக்குக் கணக்கிட்ட இரைச்சல் −123 டிபியூ. மூல 1073க்குச் சொல்லப்படும் −125 டிபியூவோடு ஒப்பிட்டால், எவ்வளவு செலவழித்தாலும் எட்டக்கூடிய முன்னேற்றம் சில டெசிபல்தான் என்பது வேலையைத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். பாதி ஏமாற்றங்களை இந்த ஒரு கணக்கே தவிர்த்துவிடும்.

இதோடு, நன்கு அறிந்த ஒரு குரல் பதிவைக் குறைப்பான் வழியாக ப்ரீஆம்புக்குள் அனுப்பி மறுபதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அதே பதிவை மீண்டும் அனுப்பி, அளவைத் துல்லியமாகச் சமப்படுத்தி, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினால், எஞ்சுவது என்னவோ அதுதான் மாற்றம். நான் ஒருமுறை இணைப்பு மின்தேக்கிகள் முழுவதையும் மாற்றிவிட்டு, ஒலி திறந்துகொண்டது என்று இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன்; கூட்டிப் பார்த்தபோது எஞ்சியது கேட்க முடியாத அளவு மிகச் சிறியது. பிறகுதான் தெரிந்தது, அவுட்புட் திருகியை அரை டெசிபல் உயர்த்தி வைத்திருந்தேன். அரை டெசிபல் உரத்திருந்தால் காதுக்கு அது அழகாகத்தான் கேட்கும்.

பெட்டியைத் திறத்தல்

நகல்களில் பல வெளி அடாப்டர் மூலம் 24 வோல்ட் மாறுமின்சாரத்தைப் பெறுகின்றன; அவற்றுக்குள் வீட்டு மின்சாரம் வருவதில்லை. உங்கள் பெட்டிக்குள்ளேயே மின்மாற்றி இருந்து, சுவர் மின்சாரம் நேரடியாக நுழைவதாக இருந்தால், அத்தகைய சுற்றில் பழகியிராதவர் அதைத் தொடவேண்டாம். எந்த வகையானாலும் இணைப்பைப் பிடுங்கிய பின், 48 வோல்ட் பகுதியின் பெரிய மின்தேக்கியை 1 கிலோஓம் மின்தடையால் சில விநாடிகள் இணைத்து மின்சாரத்தை வடியவிட்டு, மல்டிமீட்டரில் சுழியைக் கண்ட பிறகே சாலிடரிங் அயர்னை எடுக்க வேண்டும்.

மலிவுப் பலகைகளின் செம்பு வட்டுகள் சூட்டில் எளிதில் உரிந்துவிடும். பழைய பாகத்தைக் காப்பாற்ற முயலாமல் அதன் கால்களை வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடேற்றி எடுப்பதே பலகைக்கு நல்லது. துளையில் பழைய சாலிடர் அசையாமல் நின்றால் இன்னும் சூட்டைக் கூட்டுவதற்குப் பதிலாக, ஈயம் கலந்த புதுச் சாலிடர் சிறிது சேர்த்து உருக்கி, செம்பு வலையால் உறிஞ்சினால் இளகி வந்துவிடும்.

மின்வழங்கி

அடாப்டரின் 24 வோல்ட் மாறுமின்சாரம் டையோடுகளைக் கடந்து மின்தேக்கியில் நிரம்பும்போது 33 வோல்ட் அளவுக்கு உயர்கிறது. சுமை இல்லாத நேரத்தில் பல அடாப்டர்கள் 28 வோல்ட் வரை தருவதால், அப்போது அங்கே நிற்பது 39 வோல்ட்டை நெருங்கும். அந்த இடத்தில் 35 வோல்ட் தாங்கும் மின்தேக்கியைக் கண்டால் உடனே எடுத்துவிட்டு, 50 வோல்ட்டும் 105 டிகிரி வெப்பமும் தாங்கும் ஒன்றைப் பொருத்துங்கள். இடம் இருந்தால் கொள்ளளவை இரு மடங்காக்கலாம். அதற்கு மேல் போனால் டையோடுகளுக்கு மின்சாரம் ஏறும் கணத்தில் வரும் அதிர்ச்சி கூடுமே தவிர வேறு பயன் இல்லை.

24 வோல்ட்டைச் சீர்செய்வது பெரும்பாலும் எல்எம்317 ஆக இருக்கும். அதன் சரிசெய்யும் காலுக்கும் தரைக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஏற்றஇறக்க நீக்கம் (மாறுமின்சாரத்தின் எஞ்சிய அலையை அடக்கும் திறன்) 65 டெசிபல் அளவில் இருக்கும். சேர்த்தால் 80 டெசிபலுக்கு உயரும். ஒரே ஒரு மலிவான பாகத்துக்கு இந்த அளவு பலன் வேறெங்கும் கிடைக்காது. சேர்க்கும்போது சரிசெய்யும் காலிலிருந்து வெளியீட்டுக் காலை நோக்கி ஒரு 1என்4002 டையோடையும் வைக்க வேண்டும், கோடு வரைந்த முனை வெளியீட்டுப் பக்கம். வெளியீடு திடீரெனச் சுழிக்கு விழுந்தால் அந்த மின்தேக்கி சீராக்கியின் உடல் வழியே வடிந்து அதைக் கொன்றுவிடாமல் இது காக்கும்.

ஃபேன்டம் மின்தடைகள்

அதிகம் பேசப்படாத இந்த இடத்தில்தான் எனக்கு மிகப் பெரிய பலன் கிடைத்தது. 48 வோல்ட்டை மைக்கின் இரு கம்பிகளுக்கும் கொண்டுசெல்லும் 6.8 கிலோஓம் மின்தடைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று 0.4 விழுக்காட்டுக்குள், அதாவது ஏறத்தாழ 27 ஓமுக்குள், ஒத்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரு விழுக்காட்டு மின்தடைகளை எண்ணிப் பார்க்காமல் பொருத்தினால் வேறுபாடு 2 விழுக்காடு வரை போகலாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ப்ரீஆம்பில் இதனால் பொதுச் சைகையை (இரு கம்பிகளிலும் ஒன்றுபோல் ஏறும் இரைச்சலை) நீக்கும் திறன் மட்டும் குறையும். இங்கேயோ இரு மின்னோட்டங்களின் வேறுபாடு உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளில் ஓடி, அதன் உள்ளகத்தை (சுருளுக்குள் உள்ள காந்த உலோகத்தை) ஒரு பக்கமாகக் காந்தமேற்றுகிறது. தாழ்ந்த ஒலிகளில் கண்டன்சர் மைக்குக்கு மட்டும் கரகரப்பு கூடி, டைனமிக் மைக்குக்குக் கூடாமல் இருந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

இந்த மின்தடைகளைப் பலகையில் இருக்கும்போதே அளந்தால் தவறான எண்தான் வரும், ஏனெனில் அவற்றின் மறுமுனைகளை டிரான்ஸ்ஃபார்மர் சுருள் இணைத்துவிடுகிறது. ஒரு காலைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். பத்து மெட்டல் ஃபிலிம் மின்தடைகளை வாங்கி, ஒரே மல்டிமீட்டரால் ஒரே அமர்வில் அளந்து, மிக நெருங்கிய இரண்டைப் பொறுக்கினால் போதும். மீட்டர் சற்றுத் தவறாகக் காட்டினாலும் கவலையில்லை. நமக்கு வேண்டியது இரண்டும் சமம் என்பதுதான்.

மின்தேக்கிகளும் சிறு பாகங்களும்

மூல 1073இல் டேன்டலம் மின்தேக்கிகள் இருந்தன என்பதற்காக நகலிலும் அவற்றையே போட வேண்டும் என்பதில்லை. புதிய, நல்ல அலுமினிய மின்தேக்கி தாராளமாகப் போதும். டேன்டலத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றை மறக்காதீர்கள்: அலுமினிய மின்தேக்கியின் உடலில் உள்ள கோடு எதிர்முனையைக் குறிக்கும், டேன்டலத்தில் உள்ள கோடு நேர்முனையைக் குறிக்கும். பழக்கத்தில் மாற்றிப் பொருத்தப்பட்ட டேன்டலம் புகைவதோடு நில்லாமல் வெடித்துச் சிதறும். நான் வெடிக்க வைத்தது ஒன்றுதான், ஆனால் அன்று முதல் முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது கண்ணாடி அணிந்துகொள்கிறேன்.

மதிப்பை எப்படித் தேர்வது? மின்தேக்கியும் அதற்குப் பின் வரும் மின்தடையும் சேர்ந்து எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலியை வெட்டும் என்பதை, ஒன்றை இரண்டு பை, மின்தடை, கொள்ளளவு ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்து அறியலாம். 5 கிலோஓமுக்கு முன் நிற்கும் 10 மைக்ரோஃபாரட் 3.2 ஹெர்ட்சில் வெட்டுகிறது, அது போதுமானது. அதை 100 ஆக்கினால் கேட்கும் ஒலியில் ஒன்றும் கூடாது. மாறாக, காற்றுத் தட்டலும் காலடி அதிர்வும் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் வரை சென்று அதன் உள்ளகத்தைக் காந்தத்தால் நிரப்பும். பெரிது நல்லது என்ற எண்ணம் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சுற்றுக்குப் பொருந்தாது. 2என்3055க்கு அருகே நின்று சூட்டில் வாடும் மின்தேக்கிகளை மட்டும் மதிப்பை மாற்றாமல் புதுப்பித்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும்.

முதல் நிலை டிரான்சிஸ்டரைச் சுற்றியுள்ள கார்பன் மின்தடைகளை மெட்டல் ஃபிலிமாக மாற்றுவது இரைச்சலுக்கு நல்லது. அடுத்த நிலைகளில் அதே வேலை வீண். டிரான்சிஸ்டரையே மாற்ற நினைப்பவர்கள் கால்களின் வரிசையைத் தரவுத்தாளில் பார்த்துவிட்டு மாற்றுங்கள்: பிசி184க்கும், பெயரின் இறுதியில் எல் சேர்ந்த பிசி184எல்லுக்கும் கால் வரிசை வேறு.

வெளியீட்டு நிலையின் பயாஸ்

பெரும்பாலான நகல்களில் 2என்3055இன் நிலையான மின்னோட்டத்தை, அதாவது பயாஸை, அமைக்க ஒரு சிறு டிரிம் திருகி இருக்கும். தொழிற்சாலையில் அது அவசரமாகத் திருப்பி விடப்பட்டிருப்பதும் உண்டு. டிரான்சிஸ்டரின் எமிட்டர் மின்தடைக்குக் குறுக்கே மின்னழுத்தத்தை அளந்து, அந்த மின்தடையின் மதிப்பால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். திருகியைத் தொடும் முன் அந்த எண்ணை எழுதி வையுங்கள். திரும்பி வர வழி வேண்டும். 24 வோல்ட்டில் 70 மில்லிஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொண்டால் அந்த நிலை எப்போதும் 1.7 வாட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதனால்தான் பெட்டி சூடாகிறது. அதனால்தான் குளிர்ந்த நிலையில் அமைத்த பயாஸ் நிலைத்து நிற்பதில்லை.

மூடியைப் போட்டு அரை மணி நேரம் இயக்கிய பிறகு, வெளியீட்டில் 600 ஓம் மின்தடையை வைத்து, 1 கிலோஹெர்ட்ஸ் சைகையைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு அலைவடிவத்தைப் பாருங்கள். மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் தட்டையாகத் தொடங்கும் இடத்தில் திருகியை நிறுத்தினால் அதிகபட்ச அளவு கிடைக்கும். ஒரு பக்கம் சற்று முன்னதாகவே மடியும்படி விட்டால் இரண்டாம் ஹார்மோனிக் கூடி, குரலுக்குத் தடிமன் ஏறியதுபோல் இருக்கும். எது நல்லது என்பது அவரவர் விருப்பம். எதுவானாலும் தெரிந்து தேர்ந்ததாக இருக்கட்டும். மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போவது மட்டும் கூடாது, சூடும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளகத்தின் மீதான காந்தச் சுமையும் சேர்ந்தே ஏறும்.

அந்த 600 ஓம் மின்தடையை நிரந்தரமாக வைப்பதா என்பது அடுத்த கேள்வி. பழைய மேசைகளில் வெளியீடு 600 ஓம் சுமையைச் சந்திக்கும் என்று கருதியே டிரான்ஸ்ஃபார்மர் சுற்றப்பட்டது. இன்றைய இன்டர்ஃபேசின் உள்ளீடு 10 கிலோஓம் அளவில் இருப்பதால், மேல் அதிர்வெண்களில் ஒரு மேடு எழக்கூடும். அதிர்வெண் வரைபடத்தை மின்தடையோடும் இல்லாமலும் எடுத்தால் விடை கண்ணெதிரே தெரியும். மூலத்தைப் போல 75 ஓம் வெளியீட்டு மின்மறுப்பு இருந்தால் இதனால் குறையும் அளவு 1 டெசிபல் மட்டுமே. வெளியீட்டுச் செருகியின் 2, 3 எண் முனைகளுக்கு இடையே மின்தடையை ஒரு சிறு சுவிட்ச் வழியாக இணைத்துவிடுங்கள். கூர்மையான குரலுக்கு ஒன்று, மங்கிய குரலுக்கு ஒன்று என்று இரு நிறங்கள் கிடைக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர்

இப்போது தொடக்க அளவீட்டுக்குத் திரும்பிச் செல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளகத்தில் எழும் காந்தப் பாயம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்திலும் அதிர்வெண்ணுக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். ஆகவே உள்ளகம் சிறியதாக இருந்தால் அதன் குறை தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் முதலில் வெளிப்படும். ஒரே அளவில் 1 கிலோஹெர்ட்சில் அமைதியாக இருந்து, 30 ஹெர்ட்சில் மூன்றாம் ஹார்மோனிக் கூர்மையாக ஏறுமானால், பணம் செலவிடத் தக்க காரணம் உங்களிடம் இருக்கிறது. இரண்டும் நெருங்கியே இருந்தால் மாற்றத்திலிருந்து பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

மூலத்தில் மாரினேர் டிரான்ஸ்ஃபார்மர்கள் இருந்தன. இன்று மாற்றாகப் பலரும் நாடுவது கார்ன்ஹில் செய்பவற்றை. யாருடையதாக இருந்தாலும், வெளியீட்டுக்கு வாங்குவது நேர்மின்னோட்டத்தைத் தாங்குவதற்காக உள்ளகத்தில் இடைவெளி விடப்பட்ட வகையாகவே இருக்க வேண்டும். சாதாரண 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மரை இங்கே மாட்டினால், 2என்3055இன் நிலையான மின்னோட்டம் உள்ளகத்தை ஓசை வருவதற்கு முன்பே நிரப்பிவிடும். விலை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பழையதைவிட மோசமாகவே ஒலிக்கும்.

உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு முதன்மைச் சுருள்கள் இருப்பது வழக்கம். அவற்றைத் தொடராக இணைத்தால் 1200 ஓம், இணையாக இணைத்தால் 300 ஓம் உள்ளீடு. இணையாக வைக்கும்போது சுற்று விகிதம் இரு மடங்காவதால் 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் ரிப்பன் மைக்குகளின் ஒலி அந்தத் தாழ்ந்த சுமையில் தளர்ந்துபோவதும் உண்டு. எந்தக் கம்பி எந்தச் சுருள் என்பதை ஓம் மீட்டரால் தேடாதீர்கள்; அதன் நேர்மின்னோட்டமே மெல்லிய உள்ளகத்தைக் காந்தமேற்றிவிடும். ஒரு சுருளுக்கு 200 ஹெர்ட்சில் சிறு மாறுமின்னழுத்தத்தைக் கொடுத்து மற்றவற்றில் எழுவதை அளந்தால் சுருள்களும் விகிதமும் சேர்ந்தே தெரிந்துவிடும். ஏற்கெனவே மீட்டரால் தொட்டுவிட்டால், தாழ்ந்த அதிர்வெண் சைகையை உரக்கக் கொடுத்து மெதுவாகச் சுழிவரை இறக்குங்கள், காந்தம் நீங்கிவிடும். அதன் மியூமெட்டல் கூட்டைத் தரையில் போடவும் கூடாது, வளைக்கவும் கூடாது, அடிபட்டால் காந்தக் கவசத் திறன் குறைந்துவிடும்.

திருகி இறுக்கும் முன், டிரான்ஸ்ஃபார்மரை நீண்ட கம்பிகளில் தற்காலிகமாக இணைத்து, கெயினை முழுதும் ஏற்றி, ஹம் ஒலியைக் கேட்டுக்கொண்டே மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் ஹம் சட்டென்று தாழும்; அங்கே பென்சிலால் குறித்து, அந்தக் கோணத்திலேயே பொருத்துங்கள்.

புதிய சுருளின் இரு முனைகள் இடம் மாறியிருந்தால் ஒலி தலைகீழாக வெளிவரும். தனியாகக் கேட்கும்போது தெரியாத இது, இரண்டு மைக்குகளில் ஒன்றை மட்டும் இந்தப் பெட்டி வழியாகப் பதிவு செய்யும் நாளில் தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும். முதல் நாளில் எடுத்த குரல் பதிவையும் இன்றைய மறுபதிவையும் அருகருகே பெரிதாக்கி, ஓர் எழுத்தின் முதல் அலை இரண்டிலும் ஒரே திசையில் எழுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வெளியீட்டுச் சுருளின் இரு கம்பிகளை மட்டும் மாற்றுங்கள். பிறகு மூடியைப் பொருத்தி, நான்கு மணி நேரம் இயக்கத்தில் விட்டு, எமிட்டர் மின்னழுத்தத்தை மறுபடி அளந்து, பயாஸை அமைத்து முடித்தபோது இருந்த எண்ணோடு ஒப்பிட்டு, நகர்ந்திருந்தால் டிரிம் திருகியைச் சரிசெய்யுங்கள்.